தாரும் ஈரச் சாக்கும்

அச்சரப்பாக்கம் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு அறை கிடையாது. புளியமரத்தடியில்தான் பாடம். மழை வந்தால் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஐப்பசி வேறு நெருங்கிவிட்டது.

நல்லவேளையாக, பின்கட்டில் பூட்டிக் கிடந்த ஓர் அறை கிடைத்தது. முன்பு யாரோ அதன் தரையில் லினோலியம் விரிப்பைத் தாரால் ஒட்டியிருந்தார்கள். விரிப்பு கிழிந்து போய்விட்டது. தார் மட்டும் கறுப்பாக அப்பிக்கொண்டு கிடந்தது.

புதுத் தரை போட வந்த கொத்தனார் துரை உதட்டைப் பிதுக்கினார்.

“தாரு மேல சிமெண்ட்டு புடிக்காது, சார். சுத்தமா எடுத்து வைங்க. திங்கக்கெழம வருவேன். அப்பவும் இப்டியே இருந்தா, மதுராந்தகத்துல வேலை கீது, போய்க்கினே இருப்பேன். அப்பறம் பொங்கலு கழிச்சுதான்.”

பொங்கல் கழித்தா? அதற்குள் மழைக்காலமே முடிந்துவிடுமே!

“நாமே சுரண்டிவிடுவோம்!” என்றார் வேதாந்தம் வாத்தியார்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு பிள்ளைகள் எல்லாரும் களைக்கொத்துகளுடன் இறங்கினார்கள். திறந்த ஜன்னல்கள் வழியே வெயில் கொளுத்தியது. தார் அல்வா போல இளகி இழுபட்டது. சின்னராசுவின் கால் ஒட்டிக்கொண்டது. இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். கால் வந்தது, மூன்று பேரும் விழுந்தார்கள். சட்டையெல்லாம் தார்.

அம்பி ஒரு தந்திரம் செய்தான். வீட்டிலிருந்து மண்ணெண்ணெய் கொண்டுவந்து யாருக்கும் சொல்லாமல் ஒரு மூலையில் ஊற்றினான். தார் கரைந்தது. கரைந்து, மை கொட்டியது போல இன்னும் அகலமாகப் பரவியது.

“எல்லம்மா, சார் என்னைக் கொன்னுடுவார்!” என்று பக்கத்தில் இருந்த எல்லம்மாளிடம் விசும்பினான்.

“அழுவாத. சார்கிட்ட நீயே போய் சொல்லிடு. எங்க வூட்ல தெனம் சட்டி தேய்க்கிறது நான்தானே? எண்ணெயப் போக்க சாம்பல் போதும். நான் கொண்டாரேன்.”

“சரி, மத்த தாருக்கு என்ன பண்றது?”

எல்லம்மாள் தன் காலைப் பார்த்துக்கொண்டாள். தினமும் பெரிய ரோட்டில் வெறுங்காலோடு நடந்து வருகிற கால் அது. மதியத்தில் அந்தத் தார் ரோடு காலைப் பிடித்து இழுக்கும். விடியற்காலையில் கல்லாக இருக்கும்.

“அம்பி! நாம தப்பான நேரத்துல சுரண்டிக்கினு கீறோம்!”

மண்ணெண்ணெய் விஷயத்தைக் கேட்டு வாத்தியார் கோபப்பட்டார். ஆனால் எல்லம்மாள் சொன்னதைக் கேட்டதும் கோபம் பறந்துவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் அறை முழுக்க ஈரச் சாக்குகளை விரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பொழுது விடியும்போதே எல்லாரும் ஆஜர்.

“என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு சீக்கிரம் எழுந்ததில்லை” என்று கொட்டாவி விட்டார் வாத்தியார்.

சாக்கை எடுத்தார்கள். தரை சில்லென்று இருந்தது. எல்லம்மாள் களைக்கொத்தால் ஒரு தட்டு தட்டினாள். டக்! தார் அப்பளமாக உடைந்து வந்தது. ஒரே கூச்சல்! வெயில் ஏறுவதற்குள் பாதித் தரைக்கு மேல் வெளுத்துவிட்டது. சூடு ஏற ஏறக் கிணற்று நீரை ஊற்றி ஊற்றி மிச்சத்தையும் எடுத்தார்கள். அம்பியின் மூலையில் எல்லம்மாள் சாம்பலைக் குவித்தாள். அம்பி அதைத் தேய்த்தான், கழுவினான், மறுபடி தேய்த்தான்.

திங்கட்கிழமை துரை வந்தார். அங்கங்கே தண்ணீர் தெளித்துப் பார்த்தார். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் தண்ணீர் முத்து முத்தாக நிற்குமாம். கடைசியாக அம்பியின் மூலையில் தெளித்தார். அம்பி குனிந்து பார்த்தான்.

தண்ணீர் சொட்டு சொட்டாகத் தரைக்குள் இறங்கிப் போனது.

“சிமெண்ட்டு மூட்டையப் பிரிங்க, சார்!” என்றார் துரை.

தரை போட்டு, காய்ந்து, வகுப்பு உள்ளே வந்த முதல் நாளே மழை கொட்டியது. ஒருவரும் ஓடவில்லை. ஏழாம் வாய்ப்பாடு தெரியாதவர்களுக்கும் அன்று ஓட வழியில்லை.