இரண்டு பேருக்குக் கட்டின தொட்டி

எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன் தொட்டியைப் பார்ப்பது, கடலடிக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். படுக்கையறைச் சுவர்தான் தொட்டி. கண்ணாடிக்குப் பின்னால் நுண்பாசி மிதக்கும்; வீட்டார் விடும் மூச்சைத் தின்று, அவர்களுக்குப் பிராணவாயு கொடுக்கும். அன்று ரெஞ்சிதம் பார்த்தபோது நீர் பச்சை போய், பழுத்த வேப்பிலை நிறத்தில் இருந்தது.

அவள் நாத்தனார் லூர்தம்மாள்தான் அந்த வீட்டு வரிசைக்குப் பாசிக் கண்காணிப்பாளர். அளவியை நீரில் விட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“ஆக்சிஜன் ஏறிக் கெடக்குட்டி.”

“எனக்கு மூச்சு நல்லா வருதே மதினி.”

“உனக்கு வரும். பாசிக்கு அது விசம்லா! அதுக்குத் தீனி கார்பன் டை ஆக்சைடு. உன் ஒத்த மூச்சு எந்த மூலைக்குக் காணும்? ரெண்டு பேருக்குக் கட்டின தொட்டி இது. இப்படியே போனா ஆபீஸ்ல இருந்து ஒரு ஆளைக் கொண்டாந்து இந்தக் கட்டில்ல படுக்க வச்சிருவாங்க. சட்டம் அப்படி.”

“அவரு கட்டில்லயா?”

“அப்ப ஒளிச்சு வச்சிருக்கியே, அதைத் தெற.”

விண்பயணம் போகிறவர்கள், புறப்படுமுன் மாதக்கணக்கில் முகமூடி போட்டுத் தூங்கி, விட்ட மூச்சைப் பாசிக்குத் தீனியாகக் கலங்களில் பிடித்து வைத்துவிட்டுப் போவார்கள். வியாழனுக்குப் போன அவள் கணவன் கஸ்பாரும் அப்படித்தான் செய்தான். அவன் திரும்ப இன்னும் பல வருடம். கலங்களில் கடைசி ஒன்று மட்டும் சேலைகளுக்கு நடுவே இருந்தது.

“அதுவும் தீந்தா அவருன்னு எனக்கு என்ன இருக்கு மதினி?”

“வைக்க வைக்க ருசிக்க அது என்ன ஊறுகாயா?” என்று சொல்லிவிட்டு லூர்தம்மாள் போய்விட்டாள்.

ரெஞ்சிதம் கலத்தை எடுத்தாள். தொட்டியில் மாட்டுமுன் மூடியை லேசாகத் திருகி மூக்கருகே வைத்தாள். அவன் வாடை ஏதும் இல்லை. சோடா குடித்தாற்போல் மூக்கு சுள்ளென்றது, கண் கலங்கிவிட்டது. பிறகு மாட்டினாள்.

சில நாளில் சுவர் முழுக்கப் பச்சை. லூர்தம்மாள் வந்து பாசியை வழித்தாள். ரெஞ்சிதம் மாவோடு பிசைந்து அடை சுட்டாள்.

“அவர் மூச்சுல வெளஞ்சது மதினி.”

மென்றுகொண்டிருந்த லூர்தம்மாள் நிறுத்தினாள். “தெரியும்ளா. எனக்கும் அவன் தம்பிதான்.” இன்னொரு அடை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கலம் காலியானது. நீர் மறுபடி வெளுக்கத் தொடங்கியது.

“ஆளு அனுப்பச் சொல்லவா?”

“வேண்டாம். நீங்க வாங்க. உங்க வீட்டுலதான் மூச்சு விட எட்டுப் பேரு இருக்காங்கல்ல.”

“பேரப்புள்ளைக தொல்லையில்லாம தூங்கலாம்” என்றாள் லூர்தம்மாள், முகத்தைக் காட்டாமல்.

வந்த முதல் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, தம்பியின் கட்டிலில் சாய்ந்தவள் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். குறட்டை கிளம்பியது. நீண்ட ஓர் இழுப்பு, நடுவில் மூச்சே நின்றதுபோல் ஒரு மௌனம், பிறகு விசில். இதே மௌனத்தில் எத்தனை முறை ரெஞ்சிதம் பதறிக் கஸ்பாரை உலுக்கியிருப்பாள்!

இப்போது அவள் உலுக்கவில்லை. பக்கத்துக் கட்டிலில், குறட்டை மட்டும் கேட்க, முகம் தெரியாதபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.