மண்டபத்தின் மௌனம்

வாருங்கள், வாசகர்களே! இசையை எழுதியவள் மண்ணுக்குள் கிடக்க, புகழைச் சுமந்தவன் மேடையேறி நின்ற கொடுமைக்குச் சாட்சியாக வாருங்கள். மியூனிக் நகரின் ஓரத்தில், ஒரு காலத்தில் நடனக் கூடமாக இருந்து பின்பு ஒலிப்பதிவுக் கூடமாகிவிட்ட பழைய மண்டபத்துக்குள், மாலை ஐந்துக்குள்ளேயே இருட்டிவிடும் நவம்பர் மாதத்தில், காலடியோசையின்றி நுழையுங்கள்.

அங்கே ஒரு மூச்சு கேட்டது.

முப்பதாண்டுகளாகத் திரைப்படங்களுக்கு இசையமைத்துவரும் அன்ஸ்கார் வீலாண்ட் அதைத் தம் மூச்சென்றே முதலில் எண்ணினார். ஹெட்ஃபோனை இறுக்கிக்கொண்டு நாடாவைத் திரும்ப ஓடவிட்டார். வயலின்கள் ஓய்ந்து செல்லோ தொடங்குமுன் உள்ள இடைவெளியில், பாடப்போகிறவள் இழுப்பதைப் போல, ஒரு பெண் மெல்ல மூச்சை உள்ளிழுத்தாள்.

"ஒட்மார், இங்க வா. இது யாரு மூச்சு?"

ஒலிப்பதிவாளர் ஒட்மார் கேட்டார். மென்றுகொண்டிருந்த ரொட்டி வாயிலேயே நின்றது.

"அட கடவுளே! தப்பு என்னோடதுப்பா. போன படத்து மௌனத்தை எடுத்து இதுல ஒட்டிட்டேன்."

ஒவ்வொரு பதிவும் முடிந்தபின் வாத்தியக்காரர்கள் அசையாமல் அமர்ந்திருக்க, வெறும் கூடத்தின் மௌனத்தைச் சற்று நேரம் பதிந்துவைப்பது அந்தத் தொழிலின் வழக்கம். துண்டுகளை இணைக்கும் இடத்தில் வெற்று நாடாவை வைத்தால் ஒலி செத்துப்போகும்; ஆகவே அந்த மௌனத்தை வெட்டி ஒட்டுவார்கள். போன படத்தின்போது பியானோவுக்கருகே அன்ஸ்காரின் மனைவி கெர்லிண்டே அமர்ந்திருந்தாள். பிப்ரவரியில் அவளை அடக்கம் செய்தார்கள்.

"மூச்சைப் பிடிங்கன்னு சொன்னா, அவங்கதான் முதல்ல விடுவாங்க" என்று ஒட்மார் சிரிக்க முயன்று தோற்றார். "அன்ஸ்கார், டைட்டில் நாளைக்கு லேபுக்குப் போகுது. இந்தப் படத்துலயாவது அவங்க பேரைப் போடேன்."

"வாயை மூடு."

"முப்பது வருஷமா மூடித்தான் வெச்சிருக்கேன். தாடையே வலிக்குது."

"அவ ஒருநாளும் கேட்டதில்ல."

"நீ கேட்டியா?"

ஒட்மார் கோட்டை மாட்டிக்கொண்டார். "புது மௌனம் ஒண்ணு பதிஞ்சு வை. நான் பீர் குடிக்கப் போறேன். உன்கூட உக்காந்தா அதுவும் கசக்கும்."

கதவு சாத்திக்கொண்டது. வெந்நீர்க் குழாய்கள் முனகின. கலைந்து கிடந்த நாற்காலிகளின் நிழல்கள் தரையில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருந்தன. ஈரக் கம்பளியும் வயலின் வில்லுக்குப் பூசும் பிசினும் கலந்த வாடை அடித்தது. அவர் ஒலிவாங்கியைத் திறந்து, அசையாமல் அமர்ந்தார். அமர்ந்தவரின் நெஞ்சுக்குள் சமையலறை ஒன்று விரிந்தது. உருளைக்கிழங்கு உரித்தபடி அவள் முணுமுணுப்பாள்; ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு சுரங்களைக் குறிப்பாள்; அவர் அதை மையால் படியெடுத்துத் தம் பெயரை இடுவார். பெண்ணின் பெயரைப் பார்த்தால் தயாரிப்பாளர் மிரண்டுவிடுவார் என்று தொடக்கத்தில் ஒருமுறை சொன்னார். அவள் தலையசைத்தாள். மலையும் காடும் சூழ்ந்த கிராமத்துக் காதல் படங்கள் வந்தன, துப்பறியும் படங்கள் வந்தன, விருதும் வந்தது. அவர் அதை வாங்கிய மேடைக்குக் கீழே, அவருடைய கோட்டை மடியில் வைத்தபடி அவள் கைதட்டினாள்.

பிப்ரவரிக்குப் பிறகு அவருக்கு ஒரு வரி இசையும் வரவில்லை. இந்தப் படத்துக்கு அவள் எழுதிவைத்துப் போன தாள்கள் தீர்ந்துவிட, கடைசிக் காட்சி ஊமையாகவே கிடந்தது.

நாடாவைத் திருப்பி ஓட்டினார்.

மூச்சு.

இது இன்று பதிந்த மௌனம். இப்போது பதிந்தது. அவர் மட்டுமே இருந்த கூடம்.

மூச்சு முணுமுணுப்பாயிற்று. முணுமுணுப்பு மெட்டாயிற்று. இதுவரை அவள் எழுதாத மெட்டு. கடைசிக் காட்சிக்கு அளவெடுத்தது போல, தாழ்ந்து, தயங்கி, யாரையோ மன்னிப்பது போல மேலெழுந்தது.

"கெர்லிண்டே…" அவர் விம்மினார். கண்ணீர் எதிரே இருந்த இசைத்தாளில் சொட்டியது.

அந்தத் தாளில் அவர் கை எழுதிக்கொண்டிருந்தது.

ஒரு சுரமும் தப்பவில்லை. முடித்ததும், பழக்கத்தின் கொடுமையால், மேல் மூலையில் பெயரை எழுதினார். தம் பெயரை.

முணுமுணுப்பு நின்றது.

"இல்ல… இல்லடி. பழக்கத்துல எழுதிட்டேன். உன் பேரைப் போடறேன். சத்தியமா போடறேன்!" பதிவு விசையை அழுத்தி, ஒலிவாங்கியைப் பற்றிக் கதறினார். நாற்காலி சாய்ந்து விழுந்தது. எல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது.

திருப்பி ஓட்டினார்.

கதறல் இல்லை. நாற்காலி விழுந்த ஓசை இல்லை. குழாய்கள் முனகின. அவள் மூச்சுவிட்டாள். அவர் அதில் எங்கும் இல்லை.

மறுபடி கத்தினார். ஒலி அளக்கும் முள் அசையவில்லை. தொண்டை கிழியக் கத்தினார். முள் படுத்தே கிடந்தது.

கதவு திறந்தது. ஒட்மார்.

"அன்ஸ்கார்? விளக்கை எரியவிட்டுட்டு எங்கய்யா போனே?"

"ஒட்மார்! இங்கதான் இருக்கேன்! இங்க!"

ஒட்மாரின் பார்வை அவரை ஊடுருவிச் சென்று, பியானோவுக்கருகே கெர்லிண்டே அமர்ந்திருந்த இடத்தில் நின்றது. அங்கே எதையோ கண்டவர் போலத் தொப்பியைக் கழற்றினார். மரியாதையாகத் தலை தாழ்த்தினார். விளக்கை அணைத்தார். பூட்டினார்.

இருட்டில், அன்ஸ்காரின் வாய் திறந்தபடியே இருந்தது. முள் மட்டும், யாரோ மூச்சுவிடும் கதியில், மெல்ல எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது.

வாசகர்களே! திரையில் படம் முடிந்ததும் கோட்டை அள்ளிக்கொண்டு ஓடாதீர்கள். அமருங்கள். ஓடும் பெயர்களைக் கடைசி வரை படியுங்கள். அங்கே இல்லாத பெயரை எழுந்து நின்று கேளுங்கள். பதில் வரும்வரை அரங்கை விட்டு நகராதீர்கள்!