கசந்ததைத் தேன் என்றவன்

வாருங்கள், நியாயம் பேசும் பெருமக்களே! இந்தக் கடைக்குள் ஒருகணம் எட்டிப் பாருங்கள். முன்னால் கண்ணாடி அலமாரி. அதில் சுங்கான் என்னும் புகைக்குழாயில் அடைத்துப் புகைக்கும் புகையிலை டப்பாக்கள். பின்னால் ஒரு தடித்த திரை. திரைக்கு அப்பால் முப்பது வயதுகூட நிரம்பாத ஒரு பெண். கணவன் இறந்தான், அவள் இறக்கவில்லை. அவள் செய்த குற்றம் அவ்வளவுதான். அதற்குத் தண்டனையாக அவள் அண்ணன் தொங்கவிட்டதே அந்தத் திரை!

ஆனால் கடையின் பெயரைக் காப்பாற்றியது அவள் மூக்கு. எந்த இலையோடு எதைச் சேர்ப்பது என்பதை முகர்ந்தே முடிவு செய்வாள். புகைத்துப் பார்க்க அந்த வீட்டில் அவளுக்கு அனுமதி இல்லை. புகைத்தபின் நாக்கில் என்ன தங்குகிறது என்று கேட்டால், அண்ணன் கல்லாவிலிருந்து தலை நிமிராமல் நன்றாகத்தான் இருக்கிறது என்பான். எந்தக் கலவைக்கும் அதே பதில்தான்.

ஒரு மழைப் பகலில் அண்ணன் சாப்பிடப் போயிருந்தான். அடுத்த தெருவில் கடிகாரம் பழுதுபார்ப்பவன் சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தான். கையில் டப்பா... முகத்தில் சண்டை. தேன்போல் இனிக்கும் என்று விற்ற புகையிலை, கரிக்கட்டையாய் நாக்கிலேயே நிற்கிறதாம். வேறு வழியின்றித் திரையை விலக்கி வந்தவள், அவன் சுங்கானை வாங்கி முகர்ந்தாள்.

"இந்த பைப்ல இதுக்கு முன்னாடி, புகை மூட்டி வாட்டின இலையைப் பிடிச்சீங்களா?"

"ஆமா... அதுக்கென்ன?"

"மீன் வறுத்த சட்டியில பாலைக் காய்ச்சிட்டு, மாட்டைத் திட்டுவீங்களா?"

அவன் சிரித்தான். ஈரம் தொங்கிய இமைகளுக்குள் அந்தச் சிரிப்பு போய் ஒளிந்துகொண்டதை அவள் பார்த்தாள்... பார்த்திருக்க வேண்டாமே என்று பிறகு நினைத்தாள்.

அன்றுமுதல், அண்ணன் சாப்பிடப் போகும் வேளையில் அவனுக்குக் கடையில் ஏதாவது வேலை இருந்தது. இலைக்கொரு சுங்கான் ஒதுக்கினான். நாக்கில் தங்கியதை ஒளிக்காமல் சொன்னான். ஒன்று காய்ந்த புல்லின் இனிப்பாய்த் தொடங்கி நுனிநாக்கைச் சுட்டதாம். ஒன்று வறுத்த கொட்டையின் மணத்தோடு அடங்கிவிட்டதாம். இன்னொன்று, உலர்ந்த திராட்சையும் மிளகுமாய், தூங்கி எழுந்தபின்னும் தொண்டையில் குடியிருந்ததாம். தன் கைவேலையின் ருசியை அவள் முதன்முதலாக அவன் சொல்லில் அறிந்தாள்.

ஒருநாள் அண்ணன் பாதிச் சாப்பாட்டிலேயே திரும்பிவிட்டான். அவளை உள்ளே அனுப்பினான். பிறகு அவளுக்குக் கேட்கும்படியே கடிகாரக்காரனிடம் சொன்னான்: "அவ வாழ்ந்து முடிச்சவ, தம்பி. வாங்கினோமா போனோமான்னு இருங்க."

உள்ளே அந்தச் சொல்லையே நினைத்தபடி, அவன் கேட்ட கலவையைச் சேர்த்தாள். வாட்டிய இலை இரண்டு மடங்காய் விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. அண்ணன் அந்தக் கலவையை அவளிடமிருந்து வாங்கி அவனிடம் கொடுத்தான். கடிகாரக்காரன் அங்கேயே பற்றவைத்தான். திரையைக் கடந்து வந்த புகையே அவளுக்குத் தவற்றைச் சொல்லிவிட்டது. வெளியே அவன் குரலோ, தேனாக இருக்கிறது என்றது!

பாவம் பார்க்கிறான்... அந்த எண்ணம் அவளைச் சுட்டது. இனி அவன் முகத்தில் விழிப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

மறுநாள் அண்ணன் கல்லாவில் இருக்கும்போதே அவன் வந்தான். அந்தக் குரல் கேட்டதும் அவள் முடிவு நிலைக்கவில்லை. வெளியே வந்தாள்.

"தேனா இருந்துச்சே... இன்னொரு டப்பா தரட்டுமா?"

"கசப்புங்க. விடியிற வரைக்கும் போகல."

"அப்போ ஏன் பொய் சொன்னீங்க? உண்மையைச் சொல்ல ஒரு வாயாவது இருக்குன்னு நம்பினேன். என்மேல பரிதாபமா?"

"பரிதாபம் இல்லைங்க, பயம். குறை சொன்னா, அதையே சாக்கா வச்சு உங்கண்ணன் என்னை வராதேன்னுடுவாரு. உங்களைப் பார்க்காம... என்னால முடியாது."

அண்ணன் எழுந்தான். அவளை உள்ளே போகச் சொன்னான். அவள் அசையவில்லை.

"வாழ்ந்து முடிச்சவன்னு சொன்னியே அண்ணா, என்னை ஒரு வார்த்தை கேட்டியா? எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. இவரைத்தான் கட்டிக்கப்போறேன்."

அண்ணன் தளர்ந்து உட்கார்ந்தான். தங்கையின் முகத்தை, அன்றுதான் பார்ப்பவன்போல் பார்த்தான். பிறகு கடிகாரக்காரனிடம் மெல்லக் கேட்டான்: "உங்க வீட்ல யார் யாரெல்லாம் இருக்காங்க?"

பெருமக்களே! உங்கள் வீட்டிலும் இப்படியொரு தங்கையோ மகளோ அண்ணியோ இருக்கலாம். அவளுக்காக அழுதது போதும். இன்றே அவள் எதிரே உட்காருங்கள். உனக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். முடித்ததும், எழுந்துபோய் அதைச் செய்யுங்கள்!