காலி அறையின் சத்தம்

சுலைஹா வந்தபோது பிற்பகல் மூன்று மணி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டிய சந்தில் வெயில் கொதித்தது. கமாலுதீனின் வீட்டுக்குள் மட்டும் எப்போதும்போல மங்கலும் ஈரச் சுவரின் வாடையும்.

பினாங்குக் குடும்பங்களின் வரலாற்றைப் பாட்காஸ்ட்டாகச் செய்கிறவள் அவள். பிற வீட்டுக் கதைகளைக் கேட்டு முகம் சுளித்த கமாலுதீன், தன் வீட்டுக் கதையைத் தானே முறையாகச் சொல்லிவிடத் தீர்மானித்து, இஸ்திரி போட்ட சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கப்பலில் வந்த பாட்டனார், மசாலா வணிகம், தானதர்மம் என ஒன்றையும் விடவில்லை.

"கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு மாமா?"

"நானும் தம்பி நாகூர் மீரானும்தான். பொம்பளப் பிள்ள கிடையாது."

அந்தப் பொய்க்கு வயது நாற்பத்தொன்று. அக்கா நோர்மா தன் விருப்பத்துக்கு ஒருவனை மணந்து போனவள். நோயோடு திரும்பிவந்து மழையில் கதவைத் தட்டினாள். அவர் தாழ்ப்பாளை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் மௌத்தானாள். இறந்தவர்களுக்காக வருடந்தோறும் பாத்திஹா ஓதப் பள்ளிவாசல் லெப்பையிடம் கொடுக்கும் பெயர்ச் சீட்டில் அவள் பெயரை அவர் எழுதியதேயில்லை. குடும்ப மானம் பெரிது.

பேட்டி முடிந்தது.

"ஒரு நிமிஷம் பேசாம இருங்க லா மாமா. காலி அறையோட சத்தத்தத் தனியா எடுக்கணும். வெட்டி ஒட்டுறப்ப நடுவுல போட."

"ஒண்ணுமில்லாததப் பிடிக்க ஒரு மிஷினா? நல்ல பொழப்பும்மா."

அவள் சிரித்தபடி மின்விசிறியை நிறுத்தி ஹெட்ஃபோனை மாட்டினாள். வெளியே ஒரு மோட்டார் சைக்கிளின் சத்தம் தேய்ந்து மறைந்தது.

சிரிப்பு அடங்கியது.

"உள்ள வேற யாரும் இருக்காங்களா?" கிசுகிசுத்தாள்.

"நான் ஒருத்தன்தான்."

"யாருக்கோ மூச்சு வாங்குது மாமா. உங்க நாற்காலிக்குப் பின்னால."

அவர் திரும்பவில்லை.

பிடரியில் சூடான காற்று பட்டது. மருந்து நெடி.

"பேரு சொல்றாங்க... நோர்மா, நோர்மான்னு."

"அழி."

"யாரு மாமா அது?"

"என் கண்ணு முன்னால அழிம்மா!"

அவள் அழித்தாள். பையை அள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பாட்காஸ்ட் வெளிவந்தது. கமாலுதீன் இரண்டு முறை கேட்டார். அவருடைய கம்பீரமான குரல், அவர் சொன்னபடியே. நிம்மதியாக மூச்சு விட்டார்.

ஜெலுத்தோங்கிலிருந்து தம்பி போனில் கூப்பிட்டார். அழுகைக் குரல்.

"அண்ணே, அக்காவப் பேச விட்டீங்களே. போதும்ணே."

"என்னடா உளர்றே?"

"பாட்காஸ்ட்டுலதான். உங்க பக்கத்துல உக்காந்து, தாழ்ப்பாள், மழை, எல்லாத்தையும் சொல்லுதே. எல்லாரும் கேட்டுட்டாங்க. பழைய குரல் எங்கண்ணே கெடைச்சிச்சு?"

மறுபடி போட்டார். மறுபடியும்.

அவர் காதுக்குத் தன் குரல் மட்டும்தான் கேட்டது.

வீட்டில் இருக்க முடியவில்லை. சந்து முனைச் சாப்பாட்டுக்கடைக்குப் போய், வழக்கமான மேசையில் தனியாக உட்கார்ந்தார். மற்ற மேசைகளில் பேச்சு நின்றது. பரிமாறும் சாஹித் வந்தான். இரண்டு தட்டுகளை வைத்தான்.

"மாமாவுக்குப் பால் இல்லாம தே ஓ," என்றான். பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்து மரியாதையாகக் குனிந்தான்.

"அம்மா, உங்களுக்குக் குடிக்க என்ன தண்ணி?"