சாலைக்கு வராத நெல்

பெண்ணையாற்றின் மணற்பரப்பில் மாலை வெயில் பொன்னை உருக்கி ஊற்றிவிட்டு மெல்ல விலக, கீழ்வானில் எழுந்த முழுமதி அதன்மீது வெள்ளி முலாம் பூசத் தொடங்கிய அந்த ரம்மியமான வேளையில், கரையோரப் பாசறையின் கூடாரத்தில் நின்ற எழிலியின் உள்ளம் மட்டும் உலைக்களமாய்க் கொதித்துக்கொண்டிருந்தது.

வாசகர்களே! அக்கரையில் ஆதரவற்ற முதியோரைப் பேணும் அறச்சாலையின் தலைவி அவள். மறைந்த பேரரசியார் ஓர் ஊரின் நெல்வரி முழுவதையும் அச்சாலைக்கு எழுதிவைத்திருந்தார். அதைப் போர்க்குதிரைகளுக்குத் திருப்பிவிட்டவர்தாம், இப்போது அவள்முன் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அமைச்சர் விழுப்பரையர்.

"மழை ஓயட்டும் என்றீர்கள், அறுவடை ஆகட்டும் என்றீர்கள். இன்னும் எத்தனை முறை நான் ஆற்றைக் கடப்பது, ஐயா?"

"பெற்றோரைப் பேணுவது பிள்ளைகளின் கடமை, நங்கையே! அரண்மனைக்கு ஏன் அந்தச் சுமை?"

"அந்தப் பிள்ளைகள் உங்கள் போர்களில் மடிந்துவிட்டார்களே!"

விழுப்பரையர் முறுவலித்தார். "யாரோ ஒரு புண்ணியவான் உங்கள் படகுத்துறையில் நெல் மூட்டைகளை இறக்கிச் செல்கிறாராமே? பிறகு வரி எதற்கு?"

எழிலி திகைத்துப்போனாள். முகமறியாத அந்த மனிதன் தரும் நெல் அரை வயிற்றுக்குக்கூடக் காணாது. படுக்கையில் கிடப்போரைப் புரட்டிவிட ஆளில்லை. புண்ணுக்குத் தடவ எண்ணெயில்லை. இதையெல்லாம் அவள் சொல்லத் தொடங்குமுன் அமைச்சர் எழுந்து போய்விட்டார்.

கண்ணீரை விழுங்கிக்கொண்டு அவள் படகுத்துறையை அடைந்தபோது, குதிரைப்படைத் தலைவன் கண்டன் மூச்சிரைக்க ஓடிவந்தான். அவளைக் கண்டாலே நாக்குழறும் அந்த மாவீரன் தலைகுனிந்து நின்றான்.

"தேவி! அந்த நெல்லை அனுப்பியவன் நான்தான். எனக்கு அளக்கும் படிநெல்லிலிருந்து..."

"நீரா?" நொடிப்பொழுது கனிந்த அவள் விழிகள் மறுகணமே சிவந்தன. "உமது ஈகையைக் காட்டித்தான் அரசு கைகழுவுகிறது, தளபதி! நாளை நீர் களத்தில் விழுந்தால் அவர்களுக்கு யார்?"

"நான் என்ன செய்யட்டும்?"

"அரசவையில் எழுந்து சொல்லும். அவர்களுக்குச் சோறிடுவது உமது தயவல்ல, மன்னரின் கடமை என்று."

"அமைச்சரைப் பகைத்தால் என் பதவி போய்விடும், தேவி."

எழிலி படகின் கயிற்றை அவிழ்த்தாள். படகு நகர்ந்தது. கண்டன் முழங்கால் நீரில் இறங்கி வாளை உருவினான்.

"இவ்வாளின்மீது ஆணை! மன்னரின் முகத்துக்கு நேரே சொல்வேன்."

அவள் கைநீட்டி அந்த வாளை வாங்கிப் படகில் கிடத்தினாள்.

"சொல்லிவிட்டு வந்து வாங்கிக்கொள்ளும்" என்று கூறித் துடுப்பை வலித்தாள்.