சகலையிடம் இல்லாத கல்

கண்ணாடிப் பெட்டி உள்பக்கமாக வேர்த்திருந்தது.

அங்கமுத்து வேட்டித் தலைப்பால் துடைத்துப் பார்த்தார். ஈரம் உள்ளேதான். பனியன் கம்பெனிக்காரன் கல் மியூசியம் வைத்தால் கண்ணாடிக்கே வேர்க்குமாக்கும் என்று தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டார். சிரிப்பு வரவில்லை.

எல்லாம் சகலை மயில்சாமியால் வந்தது. காங்கேயத்து வீட்டில் நிலாக்கல், கல்லாகிப்போன மரம், கல்லுக்குள் சுருண்ட நத்தை என்று அடுக்கி வைத்திருந்தான். தொண்ணூற்றிரண்டில் பனியன் வாங்க வந்து, அந்த வீட்டுக்கும் போன ஜெர்மன்காரர், அங்கமுத்துவின் சாம்பிளைக் கீழே போட்டுவிட்டு அந்த நத்தையைத் தடவினார். அன்றிலிருந்து அங்கமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. நெருப்பெரிச்சல் ஊரில் இருந்த தன் வீட்டின் முன்கூடத்தில் அவரும் ஒரு மியூசியம் திறந்தார். எதை வாங்கி வைத்தாலும் சகலையிடம் அதைவிடப் பெரியது இருந்தது. கடைசியில், அவனிடம் இருக்கவே முடியாத ஒன்றைக் கொண்டுவந்தார். வீட்டுக்குப் பின்னால் தோட்டத்து வேப்பமரத்தடியில் வரிசையாக நின்ற, ஏழு கன்னித் தெய்வங்களாகக் கும்பிட்டுவந்த கன்னிமார் கற்களில் ஒன்று. மஞ்சளைத் தேய்த்துக் கழுவி, பெட்டிக்குள் வைத்து பல்பும் போட்டார்.

இன்று சாயங்காலம் சகலை வந்து, வெகுநேரம் பார்த்தான்.

"எங்கிட்ட இப்பிடி ஒண்ணு இல்லீங்க சகலை."

அங்கமுத்துவுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை. வாசல்வரை போன சகலை திரும்பினான்.

"ஏழு பேரு நின்ன எடத்துல ஆறு பேரு நிக்கமாட்டாங்க. பாத்துக்குங்க."

"உங்குளுக்கு வயித்தெரிச்சலுங்க!" என்று சந்தோஷமாக வழியனுப்பினார்.

அவன் போனதும் கரண்ட் போனது. பக்கத்துக் கம்பெனிகளின் நிட்டிங் மெஷின்கள் ஒவ்வொன்றாக முனகி அடங்கின. எப்போதும் காற்றில் இருக்கும் சாயப்பட்டறை நெடி இல்லை. பதிலுக்கு, அப்போதுதான் அரைத்ததுபோல் மஞ்சள் வாசம், பெட்டியிருந்த மூலையிலிருந்து மெல்ல நகர்ந்து, அவரைக் கடந்து, கொல்லைப்பக்கம் போனது.

"பூவா, வெளக்கு கொண்டா கண்ணு."

மகள் வரவில்லை. மனைவி ரங்காத்தாள் விளக்கோடு வந்தாள்.

"தோட்டத்துக்குப் போயிருக்கறாளுங்க. ஆரோ கூப்புட்டாங்களாம்."

"ஆரு?"

"அக்காமாருன்னா. ஒத்தப் புள்ளைக்கு ஏதுங்க அக்கா?"

அவர் ஓடினார். டார்ச் வெளிச்சம் முன்னால் குதித்தது. வேப்பமரம். செருப்பு ஒரு ஜோடி. பூவாத்தாளுடையது.

வரிசை. ஆறு கல்.

இல்லை. ஏழு.

ஓரத்துக் கல்லில் மஞ்சள் இன்னும் காயவில்லை. தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. விரல் மெதுவாக மேலேறியது. தோள் இருக்கவேண்டிய இடத்தில், வட்டமாக, பூவாவுக்குத் தடுப்பூசி குத்திய அதே தழும்பு.