மிச்ச ஒயின்

அண்ணன் செத்து விழுந்த அதே சரளைக்கல் தரையில்...

ஃபப்ரீஸ் ஒயினை ருசி பார்த்துத் துப்பினான்!

போலீஸ் கேப்டன் ஓடீல் முகத்தைச் சுளித்தாள். அழுகிய பிணங்களைப் பார்த்துப் பழகியவள்தான். இது அதைவிட மோசம்.

"நேத்துதானேடா அண்ணனைப் புதைச்சே?"

"அது பீப்பாய்க்குத் தெரியுமா ஓடீல்?" பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒன்றாகப் படித்தவன் சிரித்தான். "இது மேல் சரிவுத் திராட்சை. சுண்ணாம்புக் கல்லுல வேர் விட்டது. நாக்குல கத்தி மாதிரி இறங்கும். ஒரு வாய்?"

"வேண்டாம்."

ஒயினுக்குப் பேர்போன மெர்ஸோ ஊரில் பிறந்த ஓடீல் ஒயினை மறுத்தது அதுவே முதல் தடவை.

நிலவறையின் மூலையில் செத்தவனின் மனைவி ஸொலேன். கைகளில் விலங்கு. நடந்ததை நடந்த இடத்திலேயே விசாரிக்க அழைத்து வந்திருந்தார்கள்.

"நான் கொல்லலை மேடம்... மேல் சரிவுல அவரோட பங்குக்காகக் கொன்னேன்னு ஊரே சொல்லுது..."

"பின்னே? நீ சுட்ட சீஸ் பன் தானா நடந்து வந்து கொன்னுச்சா?" ஃபப்ரீஸ் சீறினான். "பாரீஸ்காரி!"

"வாயை மூடு," என்றாள் ஓடீல். "அன்னிக்கு நடந்ததை மட்டும் மறுபடி சொல்லு, ஃபப்ரீஸ்."

"இந்தப் பீப்பாயிலேர்ந்து எடுத்தேன். எனக்கொரு கிளாஸ். அண்ணனுக்கொரு கிளாஸ். நான் ருசி பார்த்துத் துப்பிட்டேன். அண்ணன் சொந்த ஒயினைத் துப்ப மாட்டான், தெரியும்ல? இவ கொடுத்த பன்னைத் தின்னான். ஒரு வாய் குடிச்சான். 'இந்த வருஷம் பாதாம் வாசம் தூக்கல்டா'ன்னான். விழுந்துட்டான்! இவ டாக்டருக்கு போன் பண்ண மேலே ஓடினா."

"அவன் கிளாஸ்?"

"கையிலேர்ந்து வாங்கினேன். மிச்சத்தைத் தரையில கொட்டிட்டுக் கழுவி வெச்சேன். பழக்கதோஷம்."

ஓடீலின் போன் அலறியது.

பரிசோதனைக் கூடம்.

கேட்டாள். வைத்தாள். எங்கோ ஒரு பீப்பாய்க்குள் நுரை முனகியது.

"பன்ல விஷம் இல்லை, ஃபப்ரீஸ். தரையிலயும் இல்லை. சயனைடு... பீப்பாய்ல இருக்கு!"

"அடிப்பாவி! பீப்பாய்லயே கலந்துட்டாளா?"

"ஒரு கொசு சாகிற அளவுகூட இல்லைடா. ஒரு கிளாஸோட மிச்சம். அவ்வளவுதான்!"

ஃபப்ரீஸ் பீப்பாயின் அடைப்பின் மேல் கையை வைத்தான்.

ஓடீல் திரும்பினாள். "ஸொலேன், ருசி பார்த்த பிறகு மிச்சத்தை என்ன பண்ணுவே?"

"தரையில கொட்டுவேன் மேடம். கல்யாணமான நாள்லேர்ந்து அதுக்குத்தான் திட்டு வாங்கறேன்."

"யார்கிட்டே?"

"இந்தக் கொழுந்தனார்கிட்டேதான். மேல் சரிவு ஒயினைக் கொட்டலாமா, பீப்பாய்லயே திருப்பி ஊத்துடின்னு..."

ஓடீல் ஃபப்ரீஸைப் பார்த்தாள்.

"விஷம் அண்ணன் கிளாஸ்ல மட்டும்," ஓடீல் மெல்லச் சொன்னாள். "புருஷனைக் கொன்னவளுக்குச் சொத்து வராது. சரிவு மொத்தமும் உனக்கு! எல்லாம் சரியாத்தான் பண்ணினே. மிச்சத்தைத் தரையில கொட்டணும்னுகூட நினைச்சிருப்பே. ஆனா மெர்ஸோக்காரன் கை கொட்டுமா? கை தானா பீப்பாய்ப் பக்கம் திரும்பிடுச்சு!"

அவன் அவளைப் பார்க்கவில்லை. பீப்பாயைப் பார்த்தான்.

"ஊத்தின பிறகுதான்... எனக்கே தெரிஞ்சுது," என்றான். அழுதான். அண்ணனுக்காக அல்ல. "கொசுகூடச் சாகாதுன்னியே ஓடீல்... அப்ப அதைப் பாட்டில்ல அடைக்கலாம்ல? யாருக்குத் தெரியப்போகுது?"

ஓடீல் ஸொலேனின் விலங்கைக் கழற்றினாள். அவன் மணிக்கட்டில் மாட்டினாள்.

க்ளிக்!

படியேறும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"அதைக் கீழே கொட்டிடுவீங்களா?"

"சேச்சே! சீல் வெச்சுப் பத்திரமா வெச்சிருப்போம். நல்ல வெள்ளை ஒயின் இருபது வருஷம் உள்ளே கிடந்தாலும் தாங்கும்... நீ தாங்குவியான்னுதான் தெரியலை!"